சாவி யாரிடம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சீனாவின் தியான்ஜின் நகரத்து பின்ஹாய் நூலகப் படம் ஒன்று வாட்ஸப்பில் வந்தது. அலையலையாய் வெள்ளை அடுக்குகள், நடுவில் கண்மணிபோல ஓர் உருண்டை. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தேன். நீங்களோ சென்ற கூட்டத்தில், அந்நாட்டின் உள்ளூர் நூலகங்கள் களையிழந்துவிட்டன என்றீர்கள். எதை நம்புவது?

கே.

அன்புள்ள கே.,

இரண்டையுமே நம்பலாம். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கூரையை ஒட்டிய அடுக்குகளில் இருப்பவை புத்தகங்கள் அல்ல, அலுமினியத் தகட்டில் அச்சிட்ட புத்தகப் படங்கள். எம்விஆர்டிவி என்ற டச்சுக் கட்டடக்கலை நிறுவனம் வரைந்தபோது மேலடுக்குகளுக்குப் பின்பக்கமாகப் போக வழி வைத்திருந்தது. சீக்கிரம் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அது கைவிடப்பட்டது. 2017 அக்டோபரில் திறந்ததும் படமெடுக்க வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. நிஜப் புத்தகங்கள் உள்ளறைகளில் இருக்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்நாட்டின் உள்ளூர் நூலகங்கள் காசில்லாமல் நொடித்த காலம் ஒன்று இருந்தது. எண்பது, தொண்ணூறுகளில் பண்பாட்டு நிறுவனங்கள் தாமே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். சிற்றூர் நூலகங்கள் வாசிப்பறையை வாடகைக்கு விட்டன; வந்த பணம் சம்பளத்துக்கே சரியாகப் போனது. பிறகு நிலைமை மாறிவிட்டது. 2011 முதல் இலவச அனுமதி, 2018 முதல் பொது நூலகச் சட்டம் நடைமுறையில், நாடெங்கும் 3200க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள். ஆகவே பணமில்லை என்ற பழைய சாக்கு இப்போது முழுக்கச் செல்லாது.

என் கணிப்பில் கோளாறு வேறிடத்தில். அங்கே நூலகம் மேலே இருப்பவர்களைப் பார்த்து நிற்கிறது, வாசலில் நிற்பவரைப் பார்த்து அல்ல. கட்டடம் எத்தனை, நூல் எத்தனை என்று மேலே கணக்குக் காட்டினால் போதும். 2019இல் கான்சு மாகாணத்தின் சென்யுவான் வட்ட நூலகத்தில் ‘தகாத’ நூல்களைக் கழித்து, கட்டடத்துக்கு முன்பாகவே எரித்தார்கள். எரித்ததைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது, அதைப் படமெடுத்து நூலகமே தன் சாதனைச் செய்தியாக இணையத்தில் போட்டுக்கொண்டதுதான். இணையவாசிகள் கொதித்தெழுந்த பிறகே தவறு என்று உறைத்தது.

நகரங்களில் கூட்டம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். விடுமுறையில் விடிந்ததும் வரிசை. உள்ளே போனால் முக்கால்வாசி மேசைகளில் தேர்வுப் பிள்ளைகள், எதிரே தாங்களே கொண்டுவந்த பாடப்புத்தகம். நெரிசலான வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு குளிரூட்டிய அறையும் ஒரு நாற்காலியும் பெரிய விஷயம்தான், நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு அலமாரி எதற்கு? கதை வாசிக்கிறவர்கள் கைபேசிக்குப் போய்விட்டார்கள்.

விதிவிலக்கும் உண்டு. ஹாங்சோ நூலகத்தில் பிச்சைக்காரர்களும் குப்பை பொறுக்குகிறவர்களும் வந்து படிக்கலாம், கையை மட்டும் கழுவிக்கொள்ள வேண்டும். டோங்குவானில் 17 ஆண்டுகள் கூலிவேலை பார்த்த ஹூபெய் மாகாணத்துக்காரர் ஒருவர், கொரோனாவில் வேலை போய், 2020 ஜூனில் ஊருக்குக் கிளம்புமுன் நூலக அட்டையைத் திருப்பித் தரப் போனார். 12 ஆண்டுகளாக அங்கே வாசித்தவர். கருத்தேட்டில் எழுதச் சொன்னபோது, மிச்ச வாழ்நாளில் உன்னை மறக்கமாட்டேன் டோங்குவான் நூலகமே என்று எழுதினார். அது நாடெங்கும் பரவியது. அவருக்கு டோங்குவான் நகரத்திலேயே வேறு வேலை கிடைத்தது, அட்டையும் கைக்குத் திரும்பியது.

ஊருக்கே போயிருந்தால்? அங்கும் நூலகம் உண்டு, கணக்குப்படி. 2007இலிருந்து 2012க்குள் கிராமந்தோறும் ‘உழவர் புத்தக அறை’ என்று ஆறு லட்சத்துக்கும் மேல் திறந்தார்கள். பல ஊர்களில் அது கிராமக் குழு அலுவலகத்தில் ஓர் அலமாரி. மேலிருந்து வந்த பட்டியலில் தேர்ந்த நூல்கள். இளவட்டங்கள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மனிதர் அங்கே போனால், சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.