அலைச்சறுக்கு கேள்வி பதில்: இந்த மாதம் முழுக்க ஃபின் விவகாரம்

போன மாதம் மெழுகு பற்றி எழுதியதற்கு இரண்டே கடிதம். போகிற போக்கில் ஃபின் (சர்ஃப் போர்டின் வால் பக்கத்தில், அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) என்று ஒரு வரி எழுதியதற்கு வந்தவை மளமளவென்று. சரி, இந்த முறை அதையே பேசிவிடுவோம்.

ஆறடி நான்கு அங்குலத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கினேன், மூன்று ஃபின். அலை பிடிக்கிறது, நேராகவும் போகிறது, ஆனால் திருப்பினால் லாரி மாதிரிதான் திரும்புகிறது. என் எடை 58 கிலோ. கூட வருகிறவர்களில் ஒருவன் நடு ஃபின்னைக் கழற்றி எறி என்கிறான், இன்னொருவன் போர்டே உனக்குச் சரியில்லை, விற்றுவிடு என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
*– கோவளம் வாசகர்*

இப்போதைக்கு ரெண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். போர்டைக் கவிழ்த்துப் போட்டு ஃபின்னின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், எஸ், எம், எல் என்று ஏதாவது ஒரு எழுத்து இருக்கும். எல் என்றிருந்தால் பாதி விஷயம் அங்கேயே முடிந்தது. எம் சைஸே ஏறத்தாழ 65 முதல் 80 கிலோ வரை இருப்பவர்களுக்கு என்றுதான் தயாரிப்பவர்கள் போடுகிறார்கள். உங்களுக்கு முன்னால் அந்தப் போர்டை வைத்திருந்தவர் கனத்த ஆளாக இருந்திருக்கலாம், அவருக்கு ஏற்ற ஃபின்னோடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. 58 கிலோ ஆள் அந்தப் பெரிய ஃபின்னைத் தண்ணீரில் சாய்க்கப் படாத பாடு படவேண்டியதுதான்.

ஃபின்னில் பார்க்கவேண்டியவை மூன்று. போர்டோடு ஒட்டியிருக்கும் அடி எவ்வளவு அகலம், தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, நுனி எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது. அடி அகலமாக இருந்தால் திருப்பி முடித்து வெளியே வரும்போது நல்ல உந்தல் கிடைக்கும். ஆழம் கூடினால் பிடிப்பு கூடும், வால் வழுக்காது, ஆனால் விடுவித்துத் திருப்புவதும் கஷ்டம். சாய்வு அதிகமென்றால் நீளமாக வளைந்து வருவீர்கள், நிமிர்ந்து நிற்கிற ஃபின் என்றால் நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பலாம்.

கோவளத்துப் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய காலத்தில் பக்கவாட்டில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கி வைப்பார்கள், காற்று மரத்தை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க. ஃபின் பார்க்கிற வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதி உந்தல். முன்னால் இருக்கும் இரண்டு ஃபின்களையும் விரலால் தடவினால் தெரியும், உள்பக்கம் தட்டையாகவும் வெளிப்பக்கம் உப்பலாகவும் இருக்கும், விமானத்தின் இறக்கை மாதிரி. இரண்டும் நேராகவும் நிற்காது, மூக்கைப் பார்த்து லேசாக உள்ளே திரும்பியிருக்கும். நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்ததும் அந்தப் பக்கத்து ஃபின் தண்ணீரைக் கவ்விப் போர்டை அந்த வளைவுக்குள் இழுத்துக்கொண்டு போகும். நடு ஃபின் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பல். வாலைக் கட்டிப்போடுவது அதன் வேலை.

ஆகவே முன் ஃபின் இரண்டையும் தொடாமல் நடு ஃபின்னை மட்டும் ஒரு சைஸ் சின்னதாகப் போட்டுப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கவேண்டாம், கரையில் யாரிடமாவது ஒற்றை ஃபின் சும்மா கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். வெளியே வந்து பழைய ஃபின்னை மாட்டி அதே இடத்தில் இன்னும் சில அலைகள். வேறு எதையும் மாற்றாதீர்கள். பலர் முன்னதையும் பின்னதையும் சேர்த்து மாற்றிவிட்டு, அன்றைக்குக் கடலும் வேறு மாதிரி இருந்துவிட்டால், "இந்த ஃபின் சூப்பர்" என்று வந்து சொல்வார்கள். ஃபின் சூப்பரா அலை சூப்பரா என்று கடலம்மாவுக்குத்தான் வெளிச்சம்.

நடு ஃபின்னைக் கழற்றுகிற யோசனையும் முட்டாள்தனம் இல்லை, ஒரே ஒரு தடவை செய்து பார்க்கலாம். நான் அப்படி ஓடிய அன்று முதல் திருப்பத்திலேயே வால் சோப்பு நுரை கொட்டிய தரையில் கால் வைத்த மாதிரி சறுக்கிக்கொண்டு போய், பின்பக்கமாக விழுந்து வயிறு முட்ட உப்புத் தண்ணீர் குடித்தேன். ஆனால் நடு ஃபின் அதுவரை எனக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது அந்த இருபது நிமிடத்தில் புரிந்ததுபோல வேறு எதிலும் புரியவில்லை. அதை வைத்து இரண்டு ஃபின் போர்டே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், ட்வின் போர்டுக்கு என்று செய்கிற ஃபின்கள் இவற்றைவிடப் பெரியவை.

புதிதாக வாங்குவதென்றால் முதலில் உங்கள் போர்டில் ஃபின் மாட்டுகிற பள்ளம், அதாவது பெட்டி, எந்த வகை என்று பாருங்கள். ஒரு ஃபின்னுக்கு இரண்டு சின்னப் பல் மாதிரி உள்ளே போனால் எஃப்சிஎஸ் வகை, நீளமாக ஒரே பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ். ஒன்றுக்கானது மற்றதில் ஏறாது. திருகு போடுகிற வகை என்றால் ஆலன் கீயை வைப்பதற்கு முன் திருகின் தலையில் மணல் இல்லாமல் ஊதிவிடுங்கள், மணலோடு முறுக்கினால் தலை மொழுக்கையாகிவிடும், அப்புறம் ஃபின்னை மாற்றுகிற ஆராய்ச்சி எல்லாம் அதோடு சரி.

ஐந்து பெட்டி உள்ள போர்டு வைத்திருக்கிறேன். பாயின்டில் (கரை முனையையொட்டி அலை நீண்டு உடைகிற இடம்) திரஸ்டராகவும் (மூன்று ஃபின்) குவாடாகவும் (நான்கு ஃபின்) மாற்றி மாற்றி ஓடிப் பார்த்தேன். குவாடில் நல்ல வேகம். ஆனால் மேலே ஏறித் திருப்புகிற நேரம் வால் என் சொல் கேட்பதில்லை. பழகினால் சரிவருமா?
*– அறுகம்பே வாசகர்*

பாதி சரிவரும். மீதிப் பாதி குவாடின் சுபாவம்.

நடுவில் ஃபின் இல்லாததால் நேராக ஓடும்போது இழுவை குறைவு. சாய்ந்து ஓடும்போது அலைச் சுவர்ப் பக்கத்து ஃபின்கள் இரண்டும் ஒன்றாகக் கவ்வுகின்றன. அதனால்தான் உங்கள் ஊர் மாதிரி வலது பக்கமாக நீண்டு உடைகிற அலையில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு எட்டிப் பிடிக்க குவாட் அவ்வளவு சுகம். ஆனால் செங்குத்தாக ஏறி உச்சியில் சுழற்ற ஒரு அச்சு வேண்டாமா, திரஸ்டரில் அது நடு ஃபின். குவாடில் அந்த அச்சு இல்லை, நீங்கள் விளிம்பை அழுத்தி வளைத்துத்தான் திரும்பவேண்டும். திரஸ்டரில் பழகிய பின்கால் நடுக்கோட்டிலேயே மிதிக்கும். திரும்புகிற பக்கத்து விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தி மிதித்துப் பாருங்கள்.

பின் ஃபின் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் தட்டையாக இருந்தால் வேகமும் துடிப்பும் அதிகம், வால் அடங்காது. இரண்டு பக்கமும் ஒரே உப்பலாக இருக்கிற பின் ஃபின் போட்டால் திரஸ்டர் உணர்வு கொஞ்சம் திரும்பி வரும். பெட்டி இருக்கும் இடமும் முக்கியம். விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு குணம், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் திரஸ்டருக்கு நெருங்கிய குணம். அது போர்டு செய்தவர் முடிவு செய்தது, நீங்கள் இனி மாற்ற முடியாது. சைஸையும் உப்பலையும்தான் மாற்றிப் பார்க்கலாம்.

எந்தக் காலை முன்னால் வைத்து நிற்பீர்கள் என்று எழுதவில்லையே. வலது கால் முன்னால் என்றால் அறுகம்பேயில் அலைக்கு முதுகைக் காட்டித்தான் ஓடுகிறீர்கள். முதுகுப் பக்கத் திருப்பத்துக்கு நான் எப்போதும் திரஸ்டர் கட்சிதான். அலை வேகமாக ஓடுகிற நாளில் குவாட், மெதுவாக நின்று நிதானமாக உடைகிற நாளில் திரஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெட்டிக்குக் காசு கொடுத்தது அதற்குத்தானே.

நாங்கள் சிட்னியில் நாரபீன் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறோம். மூன்று ஃபின் போர்டு பிறந்ததே இங்கேதான் என்று என் மகனின் சர்ஃபிங் வகுப்பில் சொன்னார்களாம். உண்மையா?
*– சிட்னி வாசகி*

உண்மைதான் அம்மா. உங்கள் ஊர்க்காரர் சைமன் ஆண்டர்சன், போர்டு செய்பவர், போட்டியிலும் ஓடியவர், நல்ல உயரமும் கனமும் உள்ள ஆள். அப்போது மார்க் ரிச்சர்ட்ஸ் இரண்டு ஃபின் போர்டில் உலகப் பட்டங்களை அள்ளிக்கொண்டிருந்தார். ஆண்டர்சனின் உடம்புக்கு அந்த ட்வின் ஒத்துவரவில்லை, பெரிய அலையில் வால் நழுவியது. 1980 அக்டோபரில் ஃபிராங்க் வில்லியம்ஸ் என்பவரின் ட்வின் போர்டைப் பார்த்தார். அதன் பின்னால் நடுவில் அரைவட்டமாக ஒரு குட்டி ஃபின், வாலை நிலைப்படுத்துவதற்காக. அந்தக் குட்டியை மற்ற இரண்டின் அளவுக்கே வளர்த்தால் என்ன என்று தோன்றியது அவருக்கு. அதற்கு வைத்த பெயர்தான் திரஸ்டர்.

முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1981ல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச்சில், போட்டி நாளில் அபூர்வமாகத்தான் வருகிற ராட்சச அலைகளில், அந்தப் போர்டில் ஜெயித்தார். அடுத்து சிட்னியிலேயே சர்ஃபபவுட் போட்டி, அதே ஆண்டு ஹவாயில் பைப்லைன் மாஸ்டர்ஸ். இதில் ஒரு வேடிக்கை, அந்த வருட உலகப் பட்டமும் அதற்கடுத்த வருடத்ததும் ட்வினில் ஓடிய மார்க் ரிச்சர்ட்ஸுக்கே போயின, 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு. ஆனாலும் சில வருடங்களுக்குள் ஊரெல்லாம் மூன்று ஃபின் ஆகிவிட்டது. ஆண்டர்சன் காப்புரிமை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்று நானும் சில நேரம் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு, பெருமூச்சுதான் வரும்.

ஃபின் என்ற ஒன்றே போர்டில் ஏறியது 1935ல்தான். ஹவாயின் வைக்கீக்கியில் டாம் பிளேக் என்பவர் பழைய ஸ்பீடு போட் ஒன்றின் உலோகக் கீலை (படகின் அடியில் நீளவாக்கில் இருக்கும் தகடு) எடுத்துத் தன் போர்டின் அடியில் பொருத்தினார். அதற்கு முன்னால் காலைத் தண்ணீரில் இழுத்துத் திருப்பினார்கள்.

ஒன்பதடி லாங்போர்டு, ஒரே ஃபின். அந்த ஃபின்னை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. எங்கே வைப்பது?
*– மாமல்லபுரம் வாசகி*

நடுவில் தொடங்குங்கள். நடு எது என்று பெட்டியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதிலிருந்து அரை அங்குலம் மட்டும் நகர்த்துங்கள். முன்னால் தள்ளினால் போர்டு இலகுவாகத் திரும்பும், பின்னால் தள்ளினால் கெட்டியாக நேராக நிற்கும், மூக்குவரை நடந்து போய் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது உதவும். அரை அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் நினைத்தவன்தான், முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது.

போர்டு எத்தனை அடியோ ஃபின் அத்தனை அங்குலம் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒன்பதடிக்கு ஒன்பது அங்குலம். மெலிந்த உடம்பென்றால் அரை அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குள் போகிற அந்தக் குட்டித் தகடு இருக்கிறதே, திருகு போய் இறங்குவது, அதை மணலில் வைத்து மாட்டாதீர்கள். நகத்தளவுதான் இருக்கும், விழுந்தால் அன்றைய அலை போச்சு. திருகைத் தகட்டில் இரண்டு சுற்று ஏற்றி, திருகையே கைப்பிடியாகப் பிடித்துத் தகட்டைப் பள்ளத்தில் நகர்த்தி இடத்தில் நிறுத்துங்கள், பிறகு திருகைக் கழற்றி ஃபின்னை வைக்கலாம். இதையும் வீட்டிலேயே பாய் மேல் உட்கார்ந்து செய்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

பிளாஸ்டிக் ஃபின்னுக்கும் ஃபைபர் கிளாஸ் ஃபின்னுக்கும் விலை வித்தியாசம் அளவுக்குச் சவாரியிலும் வித்தியாசம் உண்டா?
*– திருவான்மியூர் வாசகர்*

நுனியைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும், அதாவது நீங்கள் அழுத்துகிற அழுத்தத்தில் ஒரு பங்கை ஃபின்னே தின்றுவிடும். ஃபைபர் கிளாஸ் கொஞ்சமாக வளைந்து உடனே திரும்பும். அலையின் அடிவரை போய் அழுத்தித் திரும்புகிற நிலைக்கு வந்தவருக்கு இது தெரியும். நுரை அலையில் எழுந்து நிற்கப் பழகுகிறவருக்கு எதுவும் தெரியாது, அவர் அந்தக் காசுக்கு வகுப்பில் சேரலாம்.

நீங்கள் ஃபின் விஷயத்தில் சொதப்பியதே கிடையாதா?
*– பெயர் போடாதவர்*

குசும்பு! இருட்டில் கிளம்பி, செல்போன் வெளிச்சத்தில் மாட்டி, இடது ஃபின்னை வலப்பக்கமும் வலது ஃபின்னை இடப்பக்கமும் போட்டுவிட்டேன். பழைய இரண்டு பல் வகை, மாற்றிப் போட்டாலும் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தட்டைப் பக்கம் வெளியே, உப்பல் உள்ளே. போர்டு எங்கே போகிறதென்று அதற்கே தெரியவில்லை. ஒரு மணி நேரம் போர்டு செய்தவரைத் திட்டிவிட்டுக் கரைக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால், திட்டு எனக்குச் சேரவேண்டியது.

வேகம் எடுத்தால் என் போர்டு ம்ம்ம் என்று ரீங்காரம் போடுகிறது. கூட ஓடுகிறவர்களுக்கே கேட்கிறது. ஏதாவது உடையப்போகிறதா?
*– புதுச்சேரி வாசகர்*

உடையாது, ஃபின் பாடுகிறது. பின் ஓரம், அதாவது தண்ணீர் ஃபின்னை விட்டு விலகுகிற ஓரம், மழுங்கியோ பாறையில் தட்டிப் பல் விழுந்தோ இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் சுழி சுழியாகப் பிரிந்து ஃபின்னை அதிரவைக்கிறது. நகத்தால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வாருங்கள், நகம் மாட்டுகிற இடத்தை 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். முன் ஓரத்தைத் தொடவேண்டாம். முதலில் நடு ஃபின்னை மட்டும் தேய்த்து ஓடிப் பாருங்கள், சத்தம் போகவில்லையென்றால் அப்புறம் பக்கத்து ஃபின்கள், ஒவ்வொன்றாக. மூன்றையும் ஒரே மூச்சில் தேய்த்துவிட்டால் எது பாடியது என்று கடைசிவரை தெரியாது.