ரீயூனியன் மலைத்தீவில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு எங்கே போகலாம்? கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாகப் பாத்திரமும் பாயுமாக மலைக்கோ கடற்கரைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அங்கேயே நெடுங்காலம் வசிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, சான் தெனிக்கு வேலைக்கு வந்திருக்கிறோம். போன ஞாயிறு பத்து மணிக்குக் கிளம்பி மாயிதோ முனைக்குப் போனோம். மஃபாத் பள்ளத்தாக்கு தெரியும் என்றார்கள். வெண்மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வேறு நல்ல இடம் சொல்லுங்கள்.

பதில்: இடம் நல்ல இடம்தான் தம்பி, கிளம்பிய நேரம்தான் சரியில்லை. 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவின் நடுவில் பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. வெயில் ஏறியதும் கடற்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மலையின் இடுப்பை மேகம் சுற்றிக்கொள்ளும். நண்பகலில் முனையையும் மூடிவிடும். மாயிதோ சுமார் 2,200 மீட்டர் உயரம். காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தால், சாலையே இல்லாத மஃபாத்தின் ஊர்கள் காலடியில் தெரியும்.

பார்த்து முடித்ததும் அங்கேயே பாயை விரிக்காதீர்கள். நிழல் கிடையாது, காற்று பிடுங்கும். திரும்பி வரும் வழியில் காட்டுக்குள் கூரை போட்ட மேசை பெஞ்சுகள் இருக்கின்றன. பத்தரைக்குச் சாப்பிட உட்காருங்கள். ‘பத்தரைக்கா சாப்பாடு?’ என்று கேட்காதீர்கள். மலையில் அதுதான் மதியம். கம்பளிச் சட்டையும் எடுத்துப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் உயரமான இடங்களில் உறைபனிகூட விழும்.

கேள்வி: கிழக்குப் பக்கம் அழகா, மேற்குப் பக்கம் அழகா?

பதில்: அழகு கிழக்கில், உத்தரவாதம் மேற்கில். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று தன் ஈரத்தை முதலில் மோதும் பக்கத்தில் கொட்டிவிட்டு, மேற்கே காய்ந்து இறங்குகிறது. இந்தத் தீவில் மழை என்றால் என்ன என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைக்குப் பக்கத்தில் உள்ள கொமெர்சோன் பள்ளத்தில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் பெய்தது. அது உலகச் சாதனை. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆகவே முதல் நாளே இடத்தை முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு விடியலில் வானத்தைப் பாருங்கள். கிழக்கே கறுத்திருந்தால் வண்டியை மேற்கே திருப்புங்கள்.

கேள்வி: இரண்டு சிறு பிள்ளைகள். கடலில் இறங்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: மேற்கே லெர்மிதாஜ் கடற்கரை. பவளத்திட்டு அரண் போல நிற்பதால் உள்ளே அலை இல்லை. கரை நெடுகச் சவுக்கு மர நிழல். எட்டு மணிக்குள் போனால்தான் நிழல் கிடைக்கும். பவளத்தை மிதிக்க விடாதீர்கள்.

கேள்வி: ஆன்ஸ் தே காஸ்காத் என்ற கடலோர இடத்தின் புகைப்படம் பார்த்தேன். அங்கே நீந்தலாமா?

பதில்: கடலில் கூடாது. அங்கே போவது சாப்பிட. பாறைச்சுவரிலிருந்து அருவிகள் விழும், அடியில் தென்னையும் பனையுமாக ஒரு தோப்பு, மீன்பிடிப் படகுகள். கிழக்குக் கரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. போகிற வழியில் பித்தோன் சேன்த் ரோஸ் ஊரில் தேவாலயத்தைப் பாருங்கள். 1977இல் எரிமலைக் குழம்பு வாசல் வரை வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னும் தெற்கே போனால் காப் மேஷான்: கறுப்புப் பாறை விளிம்பு, தாழை இனத்து வக்குவா மரங்கள், பக்கத்திலேயே மேசைகள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள், அலை பாறைக்கு மேலே எழும்.

கேள்வி: ஆற்றங்கரையில், சலசலக்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார இடம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை. மேலே மலையில் மேகம் கறுத்திருந்தால் ஆற்றுப்பள்ளத்தில் இறங்கவே கூடாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை திடீரென்று சேறும் கல்லுமாக வந்து சேரும். தண்ணீர் கலங்கினாலே பாத்திரத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போனால் வண்டியை இறக்காதீர்கள். அமைதியான தண்ணீர் போதுமென்றால் சான் பெனுவாவுக்கு மேலே கிராந்த் எத்தான் ஏரிக்குப் போங்கள். பழைய எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி அது.

கேள்வி: (சான் ஆந்த்ரேவில் பிறந்து வளர்ந்தவர்) அக்கா, கட்டுச்சோறு என்று சொல்லி எல்லாரையும் ஆறிய சோறு தின்ன வைக்கிறீர்கள். விறகு மூட்டிக் கறி வைக்காமல் என்ன ஞாயிற்றுக்கிழமை? எங்கள் தாத்தா காலத்து வழக்கத்தை இப்போது குற்றம் போலப் பார்க்கிறார்கள்.

பதில்: யார் குற்றம் என்றார்கள்? வனத்துறையே கல்லடுப்புக் கட்டி வைத்திருக்கிறது. அந்த அடுப்பில் மட்டும் மூட்டுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், காட்டில் ஒரு குச்சியும் ஒடிக்காதீர்கள். வறண்ட மாதங்களில் தீ மூட்டவே கூடாதென்று அறிவிப்பு வந்தால் அன்றைக்கு அடுப்பை மறந்துவிடுங்கள். 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாயிதோ பக்கம் எரிந்ததை மறக்க முடியாது.

கேள்வி: (அதே நபர்) அது யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்றுதானே பேச்சு? ரூகாய்க் குழம்பு வைக்கும் குடும்பம் என்ன செய்தது?

பதில்: வைத்தவர் யாராக இருந்தாலும் எரிந்தது நம் காடு. அந்த உயரத்தில் வளரும் செடிகளில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவை எரிந்த இடத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முட்செடி முதலில் முளைத்து நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது; பழைய செடி திரும்பி வர இடமே கொடுப்பதில்லை. மலைப்பகுதி 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதற்குக் காரணமே இந்த இயற்கைதான். அடுப்பு மூட்டுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று காற்று பார்க்காது. உங்கள் தாத்தாவின் வழக்கம் தொடர வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். நெருப்பு இன்னொரு முறை ஓடினால் அந்த அடுப்புகளும் போய்விடும்.

கேள்வி: (இன்னொருவர்) நாங்கள் கறியை வீட்டில் வைத்து, அடுப்பில் சூடு மட்டும் காட்டுகிறோம். சோறு அங்கே வடிக்கிறோம். இது போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் சூடு இல்லை என்று புறங்கையால் உணர்ந்த பிறகே புறப்படுங்கள்.

கேள்வி: (சான் ஆந்த்ரே நபர்) சூடு காட்டுவது சமையல் ஆகாது.

பதில்: இதற்கு மேல் வாதாட மாட்டேன். மேல்மலையில் வறண்ட மாதங்கள் முடியும் நவம்பர் வரை பொறுத்திருங்கள். அதுவரை கடலோர அடுப்புகளில் வையுங்கள்.

கேள்வி: கிராந்த் ஆன்ஸ் கடற்கரையில் குளிக்கலாமா?

பதில்: கல் அடுக்கிப் பிரித்த குளத்தில் மட்டும்.

கேள்வி: எத்தான் சலேயில் கறுப்பு மணல் கடலில்?

பதில்: சுறா ஆபத்தால் 2013 முதல், பவளத்திட்டுக்கு உள்பக்கமும் காவலர் உள்ள குளியல் பகுதிகளும் தவிர மற்ற இடங்களில் குளிக்கத் தடை. ஊர் ஊராக இனிக் கேட்க வேண்டாம். பலகையைப் படியுங்கள்.

கேள்வி: விமான டிக்கெட் எப்போது மலிவு?

பதில்: அது பயண முகவரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: எழுபதைத் தாண்டிய அம்மா புதுச்சேரியிலிருந்து வருகிறார். வண்டி இல்லை, பஸ்தான். மலையைக் காட்ட வேண்டும்.

பதில்: சான் லூயியிலிருந்து சிலாவோஸுக்குப் பஸ் உண்டு. நானூறு வளைவு என்று பெயர் பெற்ற சாலை. அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். ஊர் 1,200 மீட்டர் உயரம். பஸ்ஸை விட்டு இறங்கினால் மார் ஆ ஜோன் குளக்கரை. ஏறாமல் நடக்கலாம், உட்காரலாம். ரோஷ் மெர்வேயூஸ் மேட்டிலிருந்து காட்சி இன்னும் சிறப்பு. ஆனால் அதற்கு வாடகை வண்டி வேண்டும். உள்ளூர்ப் பயறு வாங்கி வாருங்கள், அம்மா ஊருக்கு எடுத்துப் போவார். முந்தின இரவு பலத்த மழை என்றால் அந்தச் சாலையில் கல் உருளும், அன்று போகாதீர்கள்.

கேள்வி: சலாசி மலைப் பள்ளத்தாக்கில் அருவிக்கு அடியில் பாய் விரிக்கலாமா?

பதில்: மேலே மழை பெய்தால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். கூடாது.

கேள்வி: அக்கா, காவடிக்கு விரதம் இருக்கிறோம், ஆனாலும் ஞாயிறு வெளியே போக ஆசை. இறைச்சி சமைத்த அடுப்பில் பாத்திரம் வைக்க மனம் வரவில்லை.

பதில்: உங்கள் மனம் புரிகிறது. வீட்டிலேயே ஸாம்ப்ரொக்கால் செய்துகொள்ளுங்கள்: மஞ்சள் போட்டு, மொச்சையோ உருளைக்கிழங்கோ சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகும் சோறு. ஆறினாலும் ருசி குறையாது. கூடவே அஷார் ஊறுகாயும் முருங்கைக்கீரையும் போதும். காவடி வருவது மழைக்காலத்தில் என்பதால் மலையும் கிழக்கும் வேண்டாம்; எத்தான் சலே காட்டு மரநிழலுக்குப் போங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் வீட்டுத் திண்ணையிலேயே சாப்பிடுங்கள்.