டோனி செத்தானா, பிழைத்தானா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் 'தி சொப்ரானோஸ்' தொடரைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அந்தத் தொடருக்கே. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டோனி சொப்ரானோ, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மாஃபியா கும்பலின் தலைவன். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். திடீர் திடீரென்று மயங்கி விழுகிறான் என்பதால் ஒரு பெண் மனநல மருத்துவரிடம் ரகசியமாகப் போய் வருகிறான். 1999 ஜனவரியில் எச்பிஓ தொலைக்காட்சியில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்த கதை. கடைசிக் காட்சி வரை பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இரவு இரண்டு மணிக்குக் கடைசி எபிசோடை முடித்தேன். பாட்டு பாதியில் நின்று திரை கறுத்துவிட்டது. நெட் போய்விட்டதென்று ரௌட்டரை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் அதே கறுப்பு. 86 எபிசோடு பார்த்தவனுக்கு இதுதான் மரியாதையா சார்? டோனி செத்தானா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
— மென்பொருள் துறை வாசகர்

செத்தான்.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில், உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. 2007 ஜூன் 10 அன்று இரவு அமெரிக்காவில் ஏறக்குறைய 1.19 கோடிப் பேர் அந்த எபிசோடைப் பார்த்தார்கள். சரியாக அந்த நொடியில் கேபிள் போய்விட்டது என்று அவர்களிலும் ஏகப்பட்ட பேர் நினைத்தார்கள். திட்டுவதற்கு இணையத்தில் கூட்டம் சேர்ந்து எச்பிஓவின் தளமே முடங்கியது. என் அக்காவோடு உட்கார்ந்து நான் அதைப் பார்த்தபோது, திரை இருண்டதும் அவள் ரிமோட்டை எங்கே வைத்தோம் என்று சோபா இடுக்கில் தேடினாள். எழுத்து ஓட ஆரம்பித்த பிறகுதான் கையை வெளியே எடுத்தாள். எட்டு வருஷம் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பத்து நொடி நிசப்தம் கன்னத்தில் அறைந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

இப்போது அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டு, கதவு மணியை மட்டும் கவனியுங்கள். ப்ளூம்ஃபீல்டில் ஹோல்ஸ்டன்ஸ் என்ற ஐஸ்கிரீம் கடை. டோனி தனியாக உட்கார்ந்து, மேஜையில் இருக்கும் சிறிய ஜூக்பாக்ஸில் ஜர்னி குழுவின் பழைய பாட்டு ஒன்றைப் போடுகிறான். கடைக் கதவில் மணி கட்டியிருக்கிறது. மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான், அடுத்து வருவது டோனியின் கண்ணுக்குத் தெரிவது: உள்ளே நுழையும் ஆள். யாரோ ஒரு பெண். மறுபடி மணி, மறுபடி நிமிர்கிறான், இப்போது மனைவி கார்மெலா. இப்படியே நம்மைப் பழக்கிவிடுகிறார் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ். மணி அடித்தால் டோனியின் முகம், முகத்துக்குப் பிறகு டோனி பார்ப்பது. வெளியே மகள் மெடோ காரை ஓரமாக நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கிறாள். நிறுத்திவிட்டுச் சாலையைக் கடந்து ஓடி வருகிறாள். மணி அடிக்கிறது. டோனி நிமிர்கிறான். அடுத்து டோனி பார்ப்பது வர வேண்டும். வருவது கறுப்பு. சத்தமும் இல்லை.

அவன் பார்த்தது அதுதான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கடைசிப் பருவத்தின் இரண்டாம் பகுதியின் முதல் எபிசோடில் ஏரி நடுவே படகில் உட்கார்ந்து மைத்துனன் பாபி சொல்வானே, நமக்குச் சாவு நேரும்போது சத்தம்கூடக் கேட்காதுபோல என்று. அந்தப் பேச்சைக் கடைசிக்கு முந்தைய எபிசோடின் முடிவில் டோனி மறுபடி நினைத்துப் பார்க்கிறான். சும்மாவா நினைவுபடுத்துவார்கள்? 'மெம்பர்ஸ் ஒன்லி' ஜாக்கெட் போட்ட ஒருவன் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, டோனியைத் தாண்டிக் கழிவறைக்குப் போகிறான். அந்தக் கழிவறைக் கதவு டோனிக்குப் பக்கவாட்டில் இருக்கிறது.

எதிர்த் தரப்பும் லேசானதல்ல. நியூயார்க் கும்பலோடு சமாதானம் ஆகிவிட்டது, அதன் தலைவன் ஃபில் லியோடார்டோவும் போய்ச் சேர்ந்துவிட்டான், அப்புறம் கொல்வதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவன் மேல் வழக்குப் பாய 80-லிருந்து 90 சதவீதம் வாய்ப்பு என்று அவனுடைய வக்கீல் அதே எபிசோடில் சொல்கிறார். கூட இருந்த கார்லோ சாட்சி சொல்லப் போகிறான். ஆக, தோட்டா இல்லாவிட்டால் கோர்ட். இரண்டில் எது வந்தாலும், இனி வாழ்நாள் முழுக்கக் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் அவன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்தப் பயத்தை ஐந்து நிமிஷம் நம் வயிற்றுக்குள் இறக்கிக் காட்டினார்கள். வெங்காய வளையம் சாப்பிடும் ஒரு குடும்பத்தைப் பார்த்து நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால் அது எவ்வளவு பெரிய வேலை! துப்பாக்கியைக் காட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது.

இன்னொரு விஷயம். அந்தக் கறுப்பை எழுத்தே போடாமல் கடைசிவரை நீட்ட வேண்டும் என்றுதான் சேஸ் ஆசைப்பட்டார். இயக்குநர்கள் சங்கம் விதியைத் தளர்த்தவில்லை. இல்லையென்றால் நீங்கள் ரௌட்டரை இரண்டு முறை அணைத்திருப்பீர்கள்.

கேள்வி: டோனி செத்துவிட்டதாக டேவிட் சேஸே ஒப்புக்கொண்டாராமே? அப்புறம் என்ன விவாதம்?
— கல்லூரி மாணவி

அவர் வாயிலிருந்து இதைப் பிடுங்க உலகம் ரொம்பப் பாடுபட்டதம்மா. தொடர் முடிந்தபோது அவர் பிரான்ஸில் இருந்தார். 'ஸ்டார் லெட்ஜர்' பத்திரிகைக்கு மட்டும் பேசினார். டோனி காலையில் குளியல் அங்கியோடு வாசலில் போய் எடுப்பானே, அதே பேப்பர்தான். அங்கே இருப்பதை விளக்கவோ, அதோடு எதையும் சேர்க்கவோ விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். 2014-இல் டோனி சாகவில்லை என்று அவர் சொன்னதாக ஒரு கட்டுரை வந்தது. அவர் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று உடனே அவர் தரப்பில் மறுப்பு வந்தது. பிறகு 2019-இல் வெளியான ஒரு பேட்டிப் புத்தகத்தில், பேச்சுவாக்கில் 'மரணக் காட்சி' என்று சொல்லி மாட்டிக்கொண்டார். 2021-இல் இன்னும் தெளிவாகவே பேசினார். ஆனால் இதைக் கவனியுங்கள்: அவர் முதலில் மனதில் வைத்திருந்த மரணக் காட்சி ஹோல்ஸ்டன்ஸ் அல்ல. டோனி லிங்கன் சுரங்கப்பாதை வழியாக நியூயார்க்குக்கு ஒரு சந்திப்புக்குப் போவான், அங்கே அவன் கதை முடியும். தொடக்கப் பாட்டில் டோனி அதே சுரங்கத்திலிருந்து வெளியே வந்து நியூ ஜெர்சி வீட்டுக்குப் போகிறான் இல்லையா, அதைத் திருப்பிப் போடும் யோசனை.

அழகான யோசனைதான். ஆனாலும் அவர் அதைக் கைவிட்டது நல்லதாயிற்று. அந்த முடிவில் கார்மெலாவும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அவன் சம்பாதித்தது யாருக்காக என்று சொல்லிக்கொண்டானோ அவர்களுக்கு எதிரேயே முடிவு வருவது வேறு கனம். படைப்பாளி சொன்னது கூடுதல் தகவல், அவ்வளவே. திரையில் இருப்பதை வைத்தே எனக்கு அந்த முடிவு கிடைக்கிறது.

கேள்வி: அட்ரியானாவைக் கொன்ற பிறகு டோனியை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறினேன். எனக்கே என்மேல் ஆத்திரம். இது ஏன்?
— இல்லத்தரசி

இந்த ஒரு கேள்விக்காகவே பக்கம் முழுவதையும் ஒதுக்கலாம் சகோதரி.

அட்ரியானா, டோனியின் உறவுக்காரன் கிறிஸ்டோஃபர் கட்டிக்கொள்ளவிருந்த பெண். எஃப்பிஐ அவளை மிரட்டித் தகவல் சொல்லும் ஆளாக்கிவிட்டது. அது தெரிந்ததும், கிறிஸ்டோஃபர் தற்கொலைக்கு முயன்றுவிட்டான், நம் ஆள் சில்வியோ உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான் என்று டோனியே போன் செய்கிறான். அந்தக் குரலில் எவ்வளவு அக்கறை! எனக்குத் தாங்காதது அதுதான். கார் காட்டுப் பக்கம் திரும்பும்போது அவளுக்குப் புரிகிறது. இலைச் சருகில் தவழ்ந்து போகிறாள், கேமரா மரங்களைப் பார்த்து எழும்புகிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் விழுவதை நாம் பார்ப்பதில்லை. அட்ரியானாவாக நடித்த டிரியா டி மாட்டியோ அந்த ஆண்டு எம்மி விருது வாங்கினார், ஒரு துளிகூடக் கூடுதல் இல்லை.

அதற்குப் பிறகும் நாம் டோனியோடு இருந்தோம். விபத்தில் சிக்கிய கிறிஸ்டோஃபரின் மூக்கைப் பொத்தி அவனையும் கொன்றான். அப்போதும் இருந்தோம். ஏன் என்றால் டோனியாக நடித்த ஜேம்ஸ் கேண்டல்ஃபினி. அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு மூக்கால் புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி நின்றுகொண்டே எதையாவது அள்ளிச் சாப்பிடுவார். குளத்துக்கு வந்த வாத்துகள் பறந்துபோனதற்கு அழுவார். அந்த உடம்பு நமக்குத் தெரிந்த யாரோ ஒருவருடையது. 2013-இல் ரோமில் மாரடைப்பில் அவர் போனபோது 51 வயதுதான். வீட்டு மனிதர் போனதுபோல இருந்தது எனக்கு.

இத்தனை வருஷம் அவனுக்குக் கைதட்டியவர்கள் கடைசியில் அவன் ரத்தத்தைப் பார்க்க இவ்வளவு ஆசைப்பட்டார்களே என்று சேஸ் வருத்தத்தோடு சொன்னார். அந்த இடத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. பார்வையாளர்களை அவர் கொஞ்சம் குறைத்து எடைபோட்டுவிட்டார். அட்ரியானாவுக்கு நியாயம் கேட்டவர்களும் டோனிக்காகப் பதறியவர்களும் ஒரே ஆட்கள். நீங்களே சாட்சி. உங்கள்மேல் ஆத்திரப்படாதீர்கள். அந்தப் பதற்றத்தோடு அட்ரியானாவையும் மறக்காமல் இருக்கிறீர்களே, அப்படித்தான் இந்தத் தொடரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பனிக் காட்டில் ஓடிப்போன ரஷ்யன் என்ன ஆனான்?
— ஓட்டுநர்

தெரியாது. 2001-இல் ஸ்டீவ் புஷெமி இயக்கிய எபிசோடு அது. அவனைத் துரத்திப் போன டோனியின் ஆட்கள் பாலியும் கிறிஸ்டோஃபரும் குளிரில் நடுங்கிக்கொண்டு கெட்ச்அப் பாக்கெட்டைப் பிழிந்து சாப்பிட்டதை ரசியுங்கள். கடைசிவரை அவன் திரும்பி வரவில்லை. இந்தத் தொடர் எல்லாக் கதவையும் மூடாது என்பதற்கு அப்போதே நமக்கு அடையாளம் காட்டிவிட்டார்கள்.

கேள்வி: டாக்டர் மெல்ஃபி டோனியைக் கைவிட்டது சரியா? நான் நாற்பது வருஷம் பாடம் நடத்தியவன். பிடிக்காத மாணவனை வெளியே அனுப்பியதில்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

முடிவு சரி, விதம் சரியில்லை ஐயா. ஈவிரக்கமற்ற குற்றவாளிகளுக்குப் பேச்சு சிகிச்சை உதவாது, இன்னும் சாமர்த்தியமாக ஏமாற்றத்தான் சொல்லிக்கொடுக்கும் என்ற ஆய்வை டோனியின் மனநல மருத்துவரான மெல்ஃபி படிக்கிறார். டோனி தன் அம்மாவைப் பற்றிப் பேசி அழுதது எல்லாம் அவருக்கு வேறு மாதிரி தெரிகிறது. சரி, உண்மையை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் காத்திருப்பு அறையில் இருந்த பத்திரிகையில் டோனி ஒரு சமையல் குறிப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டான் என்பதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார். அவன் மகன் அப்போதுதான் நீச்சல் குளத்தில் தற்கொலைக்கு முயன்று பிழைத்திருக்கிறான். அந்த நேரத்தில் கதவைச் சாத்துகிறார். உங்கள் மாணவனை நீங்கள் அப்படி அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

ஆனாலும் மெல்ஃபியாக நடித்த லொரெய்ன் பிராக்கோவின் முகத்தைப் பாருங்கள். அவர் கோபப்படுவது டோனியிடம் மட்டுமல்ல, இத்தனை காலம் அவன் கதையைச் சுவாரஸ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்த தன்மேலும்தான்.

கேள்வி: என் கணவர் தொடர் மெதுவாகப் போகிறது என்று மூன்றாவது எபிசோடோடு நிறுத்திவிட்டார். எப்படி உட்காரவைப்பது?
— வங்கி ஊழியர்

ஐந்தாவது வரை இழுத்துக்கொண்டு போங்கள். மகளுக்குக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்துக்குப் போன இடத்தில் டோனி ஒரு பழைய துரோகியைப் பார்த்துவிடுகிறான். மகளைக் கல்லூரி நேர்காணலில் விட்டுவிட்டு அவனைக் கம்பியால் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். கதாநாயகனே இப்படிச் செய்தால் ஜனங்கள் வெறுத்துவிடுவார்கள் என்று எச்பிஓவே பயந்தது. சேஸ் விடவில்லை. அந்த எபிசோடுக்கும் பிடிக்கவில்லையென்றால் அவரை விட்டுவிடுங்கள், நீங்கள் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: கடைசி எபிசோடை மறுபடி பார்க்கப் போகிறேன். அதற்கு முன் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?
— மருந்துக் கடை வாசகர்

இரண்டு போதும். ஒன்று, முதல் பருவத்தின் கடைசி எபிசோடு. புயல் மழையில் மின்சாரம் போய், குடும்பம் டோனியின் நண்பன் ஆர்ட்டியின் உணவகத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிடுகிறது. இந்த மாதிரி நல்ல தருணங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று டோனி பிள்ளைகளிடம் சொல்கிறான். ஹோல்ஸ்டன்ஸில் மகன் ஏ.ஜே. அதையே அவனிடம் திருப்பிச் சொல்கிறான், டோனிக்குத் தான் சொன்னதே நினைவில்லை. இன்னொன்று, கடைசிக்கு முந்தையது. பாபி பொம்மை ரயில் கடையில் சுடப்படுவதும், சில்வியோ கோமாவில் விழுவதும் அதில்தான். அது இல்லாமல் டோனி ஏன் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று புரியாது.

பிறகு கடைசி எபிசோடில் அவசரப்பட்டு ஹோல்ஸ்டன்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். அதற்குச் சற்று முன்னால் டோனி மனநல விடுதியில் ஜூனியர் பெரியப்பாவைப் பார்க்கப் போகிறான். ஒரு காலத்தில் தன்னைச் சுட்ட மனிதர். இப்போது பல் இல்லை, யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நீங்களும் எங்கப்பாவும் வடக்கு ஜெர்சியையே ஆண்டீர்கள் என்கிறான் டோனி. அப்படியா, நல்லது என்கிறார் அவர். டோனியின் கண் கலங்குகிறது. தோட்டாவிடமும் கோர்ட்டிடமும் தப்பித்தால் டோனிக்கு என்ன கிடைக்கும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. 'அவன் பிழைத்தான்' என்று எனக்கு எழுதியிருக்கும் அத்தனை வாசகர்களும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.