எலி மருந்தும் உறையாத ரத்தமும்: மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வயது மகன் நேற்று அலமாரிக்கு அடியில் வைத்த எலி கேக்கைக் கடித்துவிட்டான். இன்று நன்றாக விளையாடுகிறான். பயப்பட வேண்டுமா?

பதில்: முதலில் உறையைப் படியுங்கள். புரோமடியலோன் 0.005% என்றிருந்தால், ஓரத்தில் ஒரு கடி கடித்த குழந்தைக்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஆனால் விளையாடுகிறானே என்று இருந்துவிடாதீர்கள். இந்த விஷம் முதல் நாளில் எதையும் காட்டாது. உறையோடு மருத்துவரிடம் போங்கள். கடித்து 48 மணி நேரம் ஆனபின் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தால் நிலைமை தெரியும். உறை கிடைக்கவில்லை என்றாலோ, அது கேக் அல்ல, பசை என்றாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் பசை வேறு விஷம், கல்லீரலைத் தாக்கும். எதுவானாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: ஏன் இந்தத் தாமதம்?

பதில்: ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு தயாரிக்கிறது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மறுபடியும் எடுத்துக்கொள்ளும். இந்த வகை எலி மருந்து அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் தீரும்வரை வெளியில் ஒன்றும் தெரியாது. பிறகுதான் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், அடிபடாத இடத்தில் கன்றிய நீலம், சிவந்த சிறுநீர்.

கேள்வி: இதய வால்வு மாற்றிய அப்பாவுக்கு ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் தருகிறார்கள். அதுவும் எலி மருந்துதானாம். நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள், வால்வில் ரத்தக்கட்டி உருவாகிவிடும். எலி மருந்து என்பதும் உண்மைதான், அதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில் பூஞ்சை பிடித்த குளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933-இல் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் வேதியியலாளர் கார்ல் பால் லிங்கின் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலிகளுக்கும், 1954-இல் மனிதருக்கும் வந்தது. மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து அளவைச் சரிசெய்து கொடுக்கும்போது அது உயிர் காக்கும் மருந்து.

கேள்வி: எலி மருந்து சாப்பிட்ட தம்பி பிழைத்து வீடு திரும்பிவிட்டான். நன்றாக இருக்கிறான். வைட்டமின் கே மாத்திரைக்குப் பதில் கீரை போதுமா?

பதில்: போதாது. கீரையில் கிடைப்பது எந்த மூலைக்கு? புரோடிஃபாகூம் போன்ற எலி மருந்துகள் கல்லீரலில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தங்கும். மாத்திரையைப் பாதியில் விட்டால் ரத்தக் கசிவு திரும்ப வரும். 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், புரோடிஃபாகூம் கலந்த போதைப்பொருளால் 150-க்கும் மேற்பட்டோர் ரத்தக் கசிவுடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். பலருக்கு மாதக்கணக்கில் வைட்டமின் கே1 தேவைப்பட்டது. மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதுவரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம்.

தம்பி மனம் நொந்து சாப்பிட்டிருந்தால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். வீட்டில் மீதமிருக்கும் மருந்தை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: செத்த எலியைப் பூனை தின்றால்?

பதில்: பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். செத்த எலியைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். பூனை தின்றுவிட்டால் கால்நடை மருத்துவரும் அதே வைட்டமின் கே1-ஐத்தான் கொடுப்பார்.