அடிதடி கேஸ் சமையல்காரர், ஃபைன் கட்டிய டிரைவர்: யாரை எடுக்கலாம்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் நடத்துகிறேன். ஏற்காட்டில் ஒரு உறைவிடப் பள்ளிக்கும் இரண்டு ரிசார்ட்டுகளுக்கும் டிரைவர், சமையல்காரர், வாட்ச்மேன் அனுப்புகிறேன். இந்த ஆண்டு எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்கிறது பள்ளி. புதிதாக வேலை கேட்டு வந்த சமையல்காரர் மீது 2019-இல் ஆடிப் பண்டிகை அடிதடி வழக்கு இருந்திருக்கிறது, 2022-இல் விடுதலையாகிவிட்டார். பஸ் டிரைவர் வேலைக்கு வந்தவர் 2023-இல் குடித்துவிட்டு ஓட்டி ஃபைன் கட்டியவர். ரசீது லைசென்ஸ் கவரிலேயே இருந்தது. இருவரும் விண்ணப்பத்தில் இதைச் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று நிராகரிக்கலாமா? இணையத்தில் எடுத்த ஒரு படிவத்தில் ‘கடந்த 7 ஆண்டுகளில்’ என்று இருக்கிறது. நம் சட்டமும் அதுதானா? எங்கள் விண்ணப்பப் படிவத்தை இணைத்திருக்கிறேன். சான்றுகளை ‘ஏற்காடு ஸ்டாஃப்’ வாட்ஸ்அப் குரூப்பில்தான் பள்ளிக்குப் போடுகிறேன்.
- வாசகர், சேலம்

பதில்: நீங்கள் இணைத்திருக்கும் விண்ணப்பத்தில் இருப்பது ஒரே கேள்வி: ‘உங்கள் மீது கிரிமினல் வழக்கு நிலுவையில் உள்ளதா?’ இருவரும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியான பதில்தான். ஒருவரின் வழக்கு விடுதலையில் முடிந்தது, இன்னொருவருடையது ஃபைனில் முடிந்தது. நிலுவையில் எதுவும் இல்லை. கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது: படிவத்தில் குறிப்பாகக் கேட்டதைத்தான் சொல்லியாக வேண்டும், கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலை வைத்து ஆளைக் குற்றவாளியாக்கக் கூடாது. அரசு வேலை பற்றிய தீர்ப்புதான் அது. ஆனாலும் தனியார் படிவம் எழுதுபவருக்கும் அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.

ஆகவே கேள்வியை நான்காக உடையுங்கள். நிலுவையில் வழக்கு உண்டா? கைதானது உண்டா? நீதிமன்றத்தில் தண்டனையோ அபராதமோ பெற்றது உண்டா? விடுதலையான வழக்கு உண்டா? மூன்றாவதில் ‘அபராதம் உட்பட’ என்று கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டி கேஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டியவர்கள் பலருக்கு, அதுவும் சட்டப்படி தண்டனைதான் என்பது தெரியாது. ‘ஃபைன்தானே சார், ஜெயிலுக்கா போனேன்’ என்பார்கள்; பொய் சொல்வதாக அவர்கள் நினைப்பதே இல்லை. நான்கு கேள்விகளுக்கும் மேலே ‘18 வயது நிரம்பிய பின் நடந்தவை மட்டும்’ என்று ஒரு வரி போடுங்கள். 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, முடிந்துபோன சிறார் வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸே வெளியிடக் கூடாது. நீங்கள் அதைத் தோண்ட வேண்டியதில்லை.

அந்த ‘7 ஆண்டு’ அமெரிக்கச் சரக்கு. பின்னணி விசாரிக்கும் ஏஜென்சிகளுக்கு அங்கே 1970-இல் வந்த சட்டம், தண்டனையில் முடியாத பழைய கைது விவரங்களை 7 ஆண்டுக்கு மேல் அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்கிறது. தனியார் வேலைக்கு அப்படி ஆண்டுக் கணக்கு வைத்த பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் நாமும் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பழக்கம் உண்டு: நிராகரிக்கும் முன், கிடைத்த அறிக்கையின் நகலை விண்ணப்பதாரரிடமே கொடுத்து, தவறிருந்தால் சொல்ல அவகாசம் தர வேண்டும். ஐந்து நாள் கொடுங்கள்.

அது ஏன் முக்கியம் என்றால், ஆள் மாறிப்போவது இந்த வேலையில் சாதாரணம். நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் ஒரு பட்டியலே வரும். ஆதாரில் ‘முருகன் எஸ்’, லைசென்ஸில் ‘எஸ். முருகன்’, முதல் தகவல் அறிக்கையில் ‘முருகேசன் என்கிற முருகன்’. தந்தை பெயர், ஊர் இரண்டும் பொருந்தாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வேலைக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். முகவரியில் இன்னொரு குழப்பம் வரும்: அஸ்தம்பட்டி சேலம் மாநகரக் காவல் எல்லை, ஏற்காடு மாவட்டக் காவல் எல்லை. ஆள் எங்கே குடியிருக்கிறாரோ அந்த முகவரியைக் கொடுங்கள், வேலை பார்க்கப் போகும் இடத்தை அல்ல. ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்களுக்குச் சொந்த ஊரிலிருந்தும் சான்று வாங்குவது நல்லது. பாஸ்போர்ட் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். அங்கே தருவது வெளிநாடு போகிறவர்களுக்கு.

சமையல்காரர் விஷயத்துக்கு வருவோம். அவர் வழக்கில் உள்ள பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 294(பி), 323, 506 மூன்றும் நம் ஊர் அடிதடி வழக்குகளில் சேர்ந்தே வருபவை: கெட்ட வார்த்தை, கைகலப்பு, மிரட்டல். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் 296(பி), 115(2), 351 என்று இருக்கும். முதல் தகவல் அறிக்கை என்பது புகார் பதிவானதற்கான தாள், தீர்ப்பு அல்ல. நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் நகலை வாங்கிவரச் சொல்லுங்கள். பெண்களோ குழந்தைகளோ சம்பந்தப்படாத, விடுதலையில் முடிந்த ஒரு பண்டிகைச் சண்டைக்காக நல்ல கைப்பக்குவம் உள்ளவரை விட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் பள்ளிக்கு மறைக்காமல் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

டிரைவர் கதை வேறு. ஆள் நல்லவரா கெட்டவரா என்பதை விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குவது அவர் வேலை. குடித்துவிட்டு ஓட்டியதற்கான மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின் தண்டனை அந்த வேலையை நேராகத் தொடுகிறது. லைசென்ஸ் இடையில் முடக்கப்பட்டதா என்று மத்திய அரசின் பரிவாகன் போக்குவரத்துத் தளத்தில் லைசென்ஸ் எண், பிறந்த தேதி கொடுத்துப் பாருங்கள். பள்ளி பஸ்ஸுக்கு வேண்டாம். வண்டி ஓட்டாத வேலை இருந்தால் கொடுக்கலாம். காரணத்தை ‘போலீஸ் கேஸ் இருக்கிறது’ என்று எழுதாமல், எந்தத் தண்டனை, எந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்று எழுதுங்கள்.

பள்ளி கேட்பது வீம்புக்கு அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகளின்படி, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரையும், ஒப்பந்தத்தில் வந்தவரானாலும், குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. ஒரு தடவை வாங்கிய சான்று காலத்துக்கும் செல்லாது. மறுநாள் பதிவாகும் வழக்கு அதில் இருக்காது. ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூனுக்கு முன் எடுப்பது, செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரிசார்ட் சமையல்காரருக்கு இந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. வாட்ச்மேன் சப்ளை செய்ய 2005 தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த வேலைக்கு மட்டும், நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரை எடுக்கவே கூடாது என்று சட்டமே சொல்கிறது. அங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. லைசென்ஸ் இல்லையென்றால் சான்றுகளைத் துரத்துவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கடைசியாக, சான்றுகளைப் பள்ளிக்கு அனுப்பும் விதம். ‘ஏற்காடு ஸ்டாஃப்’ வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே அழித்துவிடுங்கள். விண்ணப்பதாரரிடம் எதற்காக, யாரிடம் காட்டுவோம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பள்ளியின் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் மூடிய கவரில் கொடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகின்றன. வேலை கிடைக்காதவரின் தாள்களை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.