நரம்பியல் பயிற்சி பெற்ற கைரோபிராக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கைரோபிராக்டர் என்பவர் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, திருப்பிச் சிகிச்சை தருபவர். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணனுக்காக, நரம்பியலும் படித்த இப்படி ஒருவரைத் தேடி அலைந்திருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அமெரிக்காவில் ‘கைரோபிராக்டிக் நியூராலஜிஸ்ட்’ என்று பலகை வைத்திருப்பவரை நரம்பியல் மருத்துவர் என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவர் 4 ஆண்டு மருத்துவப் படிப்புக்குப் பிறகு இன்னும் 4 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி பெற்றவர். இவரோ கைரோபிராக்டிக் பட்டம் பெற்று, நரம்பியலில் கூடுதல் பாடம் படித்து, அமெரிக்கன் கைரோபிராக்டிக் நியூராலஜி போர்டு நடத்தும் தேர்வில் தேறியவர். பெயருக்குப் பின்னால் டி.ஏ.சி.என்.பி. என்று இருக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் நடப்பில் உள்ளதா, நடவடிக்கை ஏதும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். பட்டத்தைப் பொறுத்தவரை இவ்வளவு போதும்.

அண்ணனுக்குக் கை மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடவே தடுமாற்றம். முதலில் போன இடத்தில் பத்தே நிமிடத்தில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கத் தயாராகிவிட்டார்கள். முப்பது முறை வர வேண்டும், பணம் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவதாகப் பார்த்த பெண்மணி ஒரு மணி நேரம் சோதித்தார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். இசைக்கவையை அதிரவிட்டுக் கால் விரலில் வைத்தார். பிறகு அண்ணனின் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாக உள்பக்கம் மடங்கியது. ஒன்றும் பேசாமல் மறுபடி சுண்டினார். மறுபடியும் மடங்கியது. மற்றக் கையிலும் அப்படியே. “உங்கள் கழுத்தை நான் தொட மாட்டேன். முதலில் எம்.ஆர்.ஐ. எடுங்கள்” என்று சொல்லி, நரம்பு அறுவை மருத்துவருக்கு அப்போதே கடிதம் எழுதினார். கழுத்தெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கித் தண்டுவடத்தையே அழுத்திக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தக் கழுத்தை முதல் இடத்தில் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் தொலைபேசியிலேயே கேளுங்கள்: “யாருக்கெல்லாம் கழுத்துச் சிகிச்சை செய்ய மறுப்பீர்கள்?” கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது. இதை மறைக்காமல் சொல்பவரிடம் போங்கள். ஆட்டிசம், மறதி நோய் எல்லாவற்றையும் முதுகெலும்பைச் சரிசெய்தே குணப்படுத்துவதாகச் சொல்பவரிடம் போகாதீர்கள். படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது என்பது மட்டும்தான் தொல்லை என்றால், அது பெரும்பாலும் உள்காதில் துகள் இடம் மாறுவதால் வருவது. காது மூக்கு தொண்டை மருத்துவரே தலையைச் சாய்த்துத் திருப்பிச் சரிசெய்துவிடுவார்.

திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ எந்தக் கைரோபிராக்டரையும் தேடாதீர்கள். உடனே அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.