கையால் அடித்த நேபாளக் குக்ரி (முன்பக்கம் வளைந்த கத்தி) வாங்க ஆசை. கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். காத்மாண்டுவின் தமேல் பகுதியில் சிங்கத்தலைப் பிடியும் முகம் பார்க்கும் பளபளப்புமாக ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். ஊருக்கு வந்து இளநீர் சீவிப் பார்த்தேன். மூன்றாவது வெட்டிலேயே பிடி ஆடிவிட்டது.

அரிவாள் வாங்கப் போனால் நாம் பளபளப்பையா பார்ப்போம்? கையில் தூக்கி எடை பார்ப்போம், முதுகைத் தடவிப் பார்ப்போம். குக்ரியும் மலைக் கிராமத்து அரிவாள்தான். விறகு, மூங்கில், இறைச்சி, காய்கறி எல்லாம் அதில்தான் வெட்டுகிறார்கள். உருவினால் இரத்தம் காட்டாமல் உறையில் போடக்கூடாது என்பது வெறும் கட்டுக்கதை. தினமும் முள்ளங்கி நறுக்குகிறவர் என்ன செய்வார், பாவம்!

ஆகவே முதுகைப் பாருங்கள். நல்ல வேலைக் கத்திக்குப் பிடியருகே 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும், நுனிக்குப் போகப் போக மெலியும். அடிமுதல் நுனிவரை ஒரே கனமாக இருந்தால் தகட்டில் வெட்டி எடுத்தது என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பைத் தண்ணீரால் கெட்டிப்படுத்துவது. எனக்கு இந்தக் கத்தியில் பைத்தியம் பிடித்ததே இதனால்தான். இரும்பு பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. கொல்லர் (பலர் தங்கள் பெயரோடு விஸ்வகர்மா என்று போட்டுக்கொள்கிறார்கள், நம் கம்மாளர்களைப் போல) அதைக் காய்ச்சி அடித்து வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் தொட்டித் தண்ணீரில் முக்கிவிடுவதில்லை. டீ கெட்டிலை எடுத்து, பழுத்த கத்தியின் வாய்ப்புறத்தில் மட்டும் முன்னும் பின்னுமாகத் தண்ணீரை ஒழுகவிடுகிறார். வாய் கெட்டிப்படுகிறது. முதுகு மிருதுவாகவே நிற்பதால் ஓங்கிப் போட்டாலும் ஒடியாது. கடைக்காரர் சம்மதித்தால் சின்ன அரம் ஒன்றை வைத்துப் பாருங்கள். வயிறு பெருத்த இடத்தில் வாயோரம் வழுக்கும், முதுகில் கடிக்கும். இரண்டிடத்திலும் கடித்தால் அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

உறையில் செருகியிருக்கும் இரண்டு குட்டிக் கத்திகளையும் உருவிப் பாருங்கள். கூரானது கர்தா, சில்லறை வேலைக்கு. மொக்கையானது சக்மக், கூர் தட்டவும் தீப்பொறி எழுப்பவும். கத்தியின் வாயில் பிடியருகே உள்ள சின்ன வெட்டுக்கு சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காகக் கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

வடிவங்களில், புல் இலை போல ஒடுங்கிய சிருபாதேயும் வயிறு பெருத்த போஜ்புரேயும் தொடக்கத்துக்குப் போதும்.

பழையவற்றில் ஆசை இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய ஆயுதக் கிடங்கின் சரக்கை 2003-ல் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து மொத்தமாக வாங்கின. அந்தக் கத்திகள் பலவற்றின் முதுகில் தேவநாகரி எழுத்து வெட்டியிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் எண்ணெய் போட்டுத் துணியால் துடையுங்கள், அதோடு நிறுத்துங்கள். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் எழுத்தும் போய்விடும், விலையும் போய்விடும். காத்மாண்டுவில் சௌனியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில், 1559-ல் கோர்க்காவைப் பிடித்த மன்னர் திரவிய ஷாவுடையது என்று சொல்லப்படும் குக்ரி இருக்கிறது. வாங்கப் போகும் முன் அங்கே ஒரு நடை போய்வாருங்கள், கண் பழகும்.

வீட்டில் தோலுறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். கடலோர ஊர் என்றால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

உருவும்போது உறையை முழுக் கையால் சுற்றிப் பிடிக்கவே கூடாது. வாய் உறையை அறுத்துக்கொண்டு விரலுக்கு வரும். விரல்கள் முதுகுப் பக்கமாகவே இருக்க வேண்டும். என் இடது சுட்டுவிரலில் நான்கு தையல் போட்ட பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.